கதவுக்கு வெளியே நின்றவர்

கற்பிட்டியில் காற்றுக் காலம் வந்தால் வெளிநாட்டார் வருவார்கள். என் மகள் முன்னறையை வாடகைக்கு விடுவாள். போன முறை வந்தவர் ஒரு யூதர், என் வயதுக்காரர். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு களப்புத் தண்ணீரில் சறுக்கும் தன் மகனுக்குத் துணையாக வந்திருந்தார்.

"காலம் சரியில்ல. அவர் யாரெண்டு வெளியில கதைக்காதீங்க வாப்பா" என்றாள் மகள். நான் யாரிடம் கதைக்கப் போகிறேன்?

என் மனைவி அப்போதே என்னை மறந்திருந்தாள். முஸ்லிம்கள் என்று மன்னாரிலிருந்து நாங்கள் விரட்டப்பட்டதும் இங்கே ஓலைக் குடிசையில் பிள்ளை பெற்றதும் அவளிடமிருந்து போய்விட்டன. மன்னார் வீடும் அதிலிருந்த இளம் கணவனுமே மிச்சம். பொழுது சாயும்போது அவனைத் தேடி வாசலுக்கு வருவாள்.

"சேர், எங்கட வீட்டுக்காரரைக் கண்டீங்களா?"

"நான்தான் புள்ள. இந்தா நிக்கிறன்."

"வெக்கமில்லையா? இந்த வயசில கதைக்கிற கதையா இது!"

அறைக்குள் விடமாட்டாள். தன் கணவர் வந்தால் என்ன நினைப்பார் என்பாள். விறாந்தையில் படுத்தேன். ஞாபகம் இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் ஒரு தடவையாவது என்னை அடையாளம் காணுவாள் என்று காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை முன்னறையில் அந்த மனிதர் மெழுகுதிரி ஏற்றிவிட்டு ஒரு சிறு புத்தகத்தைப் பார்த்துப் பாடினார். ஓய்வுநாள் தொடங்குமுன் அதைப் பாடுவது தங்கள் வீட்டு வழக்கம் என்றார். பார்த்தால் காதற்பாட்டு. பக்கத்தில் ஆங்கிலமும் இருந்ததால் இரவல் வாங்கிப் படித்தேன். எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க வராது. தோட்டங்களை எண்ணினேன், வாசனைப் பொருட்களை எண்ணினேன். இறைவனின் பெயர் மட்டும் எண்ணிக்கைக்கு அகப்படவில்லை.

"இல்லாத இடத்தில் அவனை எப்படி வைத்தீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. காதலன் இறைவன், காதலி தங்கள் சமூகம் என்று முன்னோர் பொருள் கொண்டார்களாம். விருந்துகளில் அதைப் பாடித் திரிவதைக் கண்டித்தார்களாம். பாட்டில் காதலி கதவைத் திறக்கத் தாமதிக்கிறாள். திறந்தால் அவன் இல்லை. தெருத் தெருவாகத் தேடுகிறாள், காவலர்கள் அடிக்கிறார்கள். நாடு நாடாக விரட்டப்பட்டவர்களுக்கு அது சொந்தக் கதையாகக் கேட்டது என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. "நாங்களும் விரட்டப்பட்டவர்கள்தான். ஆனால் நான் எங்கும் போகவில்லையே. கதவுக்கு வெளியே நிற்கிறேன். திறப்பாரில்லை."

"அதற்கு எங்கள் முன்னோர் பொருள் சொல்லவில்லை" என்றார் அவர்.

அடுத்த வெள்ளி, பாட்டைக் கேட்டு என் மனைவி அவர் வாசலுக்கே போய்விட்டாள். கணவரைக் கண்டீர்களா என்று அவரிடமும் கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். அவர் எழுந்து நின்று, "பக்கத்தில்தான் இருக்கிறார் என்று சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். அவள் முகம் விரிந்தது. "எங்க?" என்று என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள்.

"வாங்க, தேடிப் பாப்பம்" என்றேன்.

"கொஞ்சம் தள்ளி வாங்க சேர். அவர் கண்டா கோவிப்பார்."

அன்றிலிருந்து தினமும் தள்ளியே நடந்தேன். இருட்டுமுன் எதையாவது சொல்லி வீட்டுக்குத் திருப்பிவிடுவேன்.

மாரி தொடங்க மௌத்தானாள். குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிய பெண்களில் ஒருத்தி அறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள்: "முகம் பாக்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க."

நான் எழுந்து உள்ளே போனேன். யாரும் தடுக்கவில்லை.