மெயினை இறக்கிய பிறகு வந்த பாட்டு

மைக் செட் போடுகிறவர்கள் எல்லோரும் அவரைப் பேட்டரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த அரங்கத்துக்குப் போனாலும் தன் ரெக்கார்டரையும் அதன் மைக்கையும் பேட்டரியில்தான் ஓட்டுவார். அடுத்தவன் கரண்டை நம்பிப் பிழைக்க முடியாது என்பார்.

இளவயதில் ஒரு கச்சேரியை அப்படித்தான் பதிவு செய்தார். நாட்டுப்பாட்டை எலெக்ட்ரிக் கிதாரோடு பாடும் இரண்டு தோழிகள். அரங்க முதலாளியின் ஆலையைக் கிண்டலடிக்கும் பாட்டு வந்ததும் அந்த முதலாளி மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லிவிட்டார். ஸ்பீக்கர் செத்தது. தோழிகள் விடவில்லை, வெறும் தொண்டையிலேயே பாடி முடித்தார்கள். அக்காவின் ரெக்கார்டரும் ஓடிக்கொண்டே இருந்தது.

போன வாரம் அந்தக் கேசட்டை இணையத்தில் ஏற்ற உட்கார்ந்தார். கேட்டுப் பார்த்த மகன் முகம் சுளித்தான்.

"பாதிக்கு மேல சத்தமே இல்லையேம்மா. வெட்டிட்டுப் போடலாம். இல்லன்னா நான் சத்தத்தைக் கூட்டித் தரேன்."

"வெட்டவும் வேணாம், கூட்டவும் வேணாம். அவங்க வாயை அடைக்கப் பாத்ததும் அதுலதான் இருக்கு. நீ கைய வைக்காதே."

முழுசாகவே ஏற்றினார். பாதியில் சத்தம் போய்விட்டது என்று கீழே யாரோ குறை எழுதியிருந்தார். அக்கா தன் கையாலேயே பதில் தட்டினார்:

"போகல தம்பி, பிடுங்கினாங்க. பாட்டைத்தான் பிடுங்க முடியல. காதைக் கிட்ட வச்சுக் கேளுங்க."