குழாயாச் சுருட்டுன நோட்டு

ஏட்டி செல்லத்தாயி, நேத்து எங்க வீட்டுக்கு வந்தாகளே, அது நம்ம பண்ணையார் மகதான்! சயன்ஸ் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆயிட்டாகளாம். என்னையக் கட்டிப்பிடிச்சாக, பூரிச்சுப் போயிட்டேன்.

அப்ப அவுகளும் எம் மக மாரியும் பதிமூணு வயசுப் பிள்ளைக. மாரி அஞ்சாப்போட படிப்ப நிறுத்திட்டுப் பட்டாசுக் கம்பெனிக்குப் போனா. பட்டாசு மருந்துல எந்த உப்பு பச்சையா எரியும், எது செவப்பா எரியும்னு இவ சொல்லுவா. ஏன்னு அந்தப் பிள்ள பொஸ்தகத்துல தேடும். ரெண்டும் ஒரே நோட்டுல எழுதுங்க. அந்த நோட்டப் பாத்துட்டு மாரியப் பள்ளிக்கூடத்துல சேத்துக்கிடுதேன்னு வாத்தியாரு சொல்லியிருந்தாரு.

எனக்கு எழுத்தா தெரியும்? வீட்டுல வெடிக்குழாய் சுருட்டத் தாளு பத்தல. எழுதித் தீந்த பழசுன்னு நெனச்சு, அந்த நோட்டையும் கிழிச்சுப் பசை தடவிச் சுருட்டிப்புட்டேன்.

மாரி ஒவ்வொரு குழாயாப் பிரிச்சுப் பாத்தா. எல்லாம் கிழிஞ்சுதான் வந்துச்சு. பண்ணையார் மக ஓடியாந்து, "வாடி, புதுசா எழுதுவோம்"னுச்சு. அதுவரைக்கும் அவகிட்ட வாடி போடின்னு பேசுன மாரி, "நீங்க எழுதுங்க"ன்னுட்டுக் கம்பெனிக்குக் கெளம்பிட்டா.

நேத்து டீச்சர் சொல்லுதாக, "மாரி இல்லாட்டி எனக்குச் சயன்ஸே புடிச்சிருக்காது பெரியம்மா"ன்னு. அத நான் எந்த வாயால மாரிகிட்டச் சொல்ல? இரு, அவளுக்குத் தூக்குச்சட்டில சோறு போடணும். கம்பெனி வேன் வந்துரும்.