கருடனுக்குத் துடக்கு

ஒக்லாந்தின் தெற்குப் புறநகரான தகனினியில் வீடுகள் முளைக்கிற வேகத்துக்குப் புல் முளைப்பதில்லை. எங்கள் வீட்டு வேலிக்குப் பின்னால் மட்டும், மழைத்தண்ணீர் தேங்குவதற்கென்று விட்ட சதுப்பு நிலம் ஒன்று தப்பிக் கிடக்கிறது. ஆளுயர நாணல். அதற்குள் போன வசந்தத்தில் ஒரு பருந்துச் சோடி கூடு கட்டியது. மாவோரி மக்கள் காஹு என்று சொல்லும் சதுப்புப் பருந்து. மரத்தை நாடாது, தரையிலேயே நாணலை மிதித்து மெத்தை போட்டு முட்டையிடும். அடைகாக்கிற நேரத்தில் மனிதர் கிட்டப் போனால், முட்டைகளை விட்டுவிட்டு ஒரேயடியாகப் போய்விடவும் கூடும்.

இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நான் நாணல் பக்கம் போவதில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் கதிரையைப் போட்டு, பைனாகுலரால் பார்ப்பதோடு சரி. வாட்ஸ்அப்பில் படம் போடவில்லை. நாயோடு நடக்க வருகிறவர்கள் என்ன பார்க்கிறாய் என்று கேட்டால், மேகம் என்பேன். மனைவிக்கு மட்டும் சொல்லியிருந்தேன்.

அந்த மாதம் எங்கள் கோயிலில் கும்பாபிஷேகம். கலசத்துக்கு நீர் ஊற்றும்போது மேலே கருடன் வட்டமிட்டால்தான் நம் சனத்துக்குத் திருப்தி. ஒக்லாந்தில் கருடனுக்கு எங்கே போவது? ஐயர் குடத்தைத் தூக்கவும், மோட்டர்வேப் பக்கமிருந்து ஒரு பருந்து வந்து கோயிலைச் சுற்றவும் சரியாக இருந்தது. "கருடன்! கருடன்!" என்று எல்லோரும் அண்ணாந்து கும்பிட்டார்கள். கருடனுக்குக் கழுத்து வெள்ளை, இதற்கு உடம்பெல்லாம் மண்ணிறம். தெருவில் அடிபட்ட முயலைத் தேடி வந்திருக்கும். ஆனாலும் பொய் சொல்லக்கூடாது, என் கையும் தானாகக் குவிந்தது.

அன்னதானத்தில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. "உது எங்கட வீட்டுக்குப் பின்னாலதான் கூடு கட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அன்று மாலையே கோயில் பஜனைக் குழுவை நடத்தும் சென்னை அம்மா எப்சம் பகுதியிலிருந்து போன் எடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் வேன்ல வர்றோம். கூட்டுக்கிட்ட கற்பூரம் காட்டி, கொஞ்சம் பால் வெச்சுட்டு வந்துடுறோம்."

பறவை முட்டையை விட்டுப் போய்விடும் என்று விளக்கினேன். "சாமியப் பாக்க வந்தா சாமி ஓடிடுமா?" என்றார். போனை வைத்துவிட்டு மனைவியைக் கண்டபடி ஏசினேன்.

ஞாயிறு காலை வேன் வந்து நின்றது. பட்டுச்சேலைகள், தட்டில் கற்பூரம், செம்பில் பால். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போவதற்குள், சதுப்புக்குப் போகும் ஒற்றையடிப் பாதையை மறித்துக்கொண்டு என் மனைவி நின்றாள்.

"ஒருத்தரும் உள்ள போகேலாது. துடக்கு."

"என்னது?"

"பிள்ளைப்பேறு வீடெல்லோ. முப்பத்தொரு நாள் துடக்கு. அதுக்குள்ள மிதிச்சிட்டு நீங்கள் திரும்ப என்னெண்டு கோயிலுக்குப் போறது?"

"தீட்டா?" சென்னை அம்மா சட்டென்று பின்னால் நகர்ந்தார். "ஆமால்ல, முட்டை போட்டிருக்கே!"

அவ்வளவுதான். எங்கள் வாசலில் நின்றே நாணல் பக்கமாகக் கற்பூரம் காட்டினார்கள். கொண்டுவந்த பாலில் நாங்கள் தேநீர் போட்டுக் கொடுத்தோம்.

ஆனால் வேன் கதவைச் சாத்திய சத்தத்துக்குப் பெட்டைப் பருந்து எழும்பிப் போனதை நான் பார்த்திருந்தேன். பொழுதுபடும் வரை அது இறங்கவில்லை. முட்டைகள் குளிர்ந்திருக்கும். "என்னாலதான்" என்று மனைவி குசினி ஜன்னலை விட்டு அசையாமல் நின்றாள். அன்றைக்கு ஏசியதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்தடுத்த நாட்களில் பறவை வந்துபோனது. முட்டைக்குள் உயிர் இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை. போய்ப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். போய்ப் பார்ப்பதுதான் கெடுதல். தெரியாமலே இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று நான் நினைத்ததில்லை. இரவில் மழை பெய்தால் இருவருமே விழித்துக் கிடப்போம், ஒருவருக்கொருவர் சொல்லாமல்.

ஒருநாள் விடிய ஆண் பருந்து இரையோடு வந்து குரல் கொடுத்தது. பெட்டை மேலெழும்ப, ஆண் இரையை நழுவவிட, இது அந்தரத்திலேயே பிடித்தது. வழக்கமாகப் பெட்டை வேலிக் கட்டையில் உட்கார்ந்து தானே தின்னும். அன்று கட்டைப் பக்கமே வரவில்லை. நேரே நாணலுக்குள் இரையோடு இறங்கியது.

மனைவி என் கையை இறுகப் பிடித்தாள். "தான் தின்னேல்லை, பாத்தியளே? உள்ள பிள்ளை இருக்கு." அழுதாள், சிரித்தாள். நான் அவசரமாகப் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன்.

அவள் அதைக் கையால் மறைத்தாள்.

"பிள்ளை சாப்பிடுது. பாக்காதேங்கோ, கண்ணூறு பட்டிடும்."