தையல்நாயகி வீட்டு மாத்திரை அட்டை

திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் தையல்நாயகி பத்தொன்பது வருடமாக ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறாள். பல் எடுத்த இடத்தில் வைத்த பஞ்சை ஒரு மணி நேரம் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? வருகிறவர்கள் தலையை மட்டும் நன்றாக ஆட்டுவார்கள். ஆட்டிவிட்டுப் படியிறங்கி, வாசல் வேப்பமரத்தடியில் துப்புவார்கள்.

"கெட்ட ரத்தம்மா, வெளிய போவட்டும்" என்பார் ஒருவர்.

"உள்ள உறைஞ்சாத்தான்யா புண்ணு ஆறும்! துப்பித் துப்பிப் பேத்துக்கினே இருந்தா எப்பிடி நிக்கும்?" என்று இவள் ஜன்னலிலிருந்து கத்துவாள்.

கண்டமங்கலத்து அம்மாள் ஒருத்தி பஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போனில் அரை மணி நேரம் பேசினாள். பேசி முடித்து அதையே மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள். திருவெண்ணெய்நல்லூர்க்காரர் ஒருவர், ஆபரேஷன் என்றால் வெறும் வயிறுதான் என்று தானே முடிவுகட்டி, சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வந்தார். ஊசியைப் பார்ப்பதற்கு முன்பே நாற்காலியில் மயங்கிச் சாய்ந்தார்.

"சாப்புட்டு வாங்கன்னு சொன்னேனா இல்லியா?" கண் திறந்த பிறகு, சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே திட்டினாள்.

எல்லாரையும்விட அவள் உயிரை எடுப்பவர்கள் ரத்தம் உறையாமலிருக்க இதய டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சொல்லாமல் மறைப்பவர்கள்தான். அதனால் யார் வந்தாலும் முதல் கேள்வி அதுதான். "என்னென்ன மாத்திரை சாப்புடுறீங்க? அட்டையக் காட்டுங்க."

இந்த எரிச்சலையெல்லாம் வீட்டில் சோறு போடும்போது கொட்டுவாள். கணவர் வெங்கடாசலம் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளை எடை போடுபவர், அதிகம் பேசாதவர். மூன்று வருடத்துக்கு முன் நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்.

"இன்னிக்கும் ஒரு ஆளு அந்த ரத்த மாத்திரையப் போட்டுக்கினு வந்து உக்காந்தாருங்க. ரத்தம் நிக்கவே இல்ல. பேஜாராப் போச்சு" என்று சொல்லிக் குழம்பை ஊற்றுவாள். அவர் 'உம்' கொட்டுவார்.

கடைசியில் அவருக்கே கடைவாய்ப் பல்லை அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. பல் டாக்டர் கவிதா இதய டாக்டரிடம் பேசிவிட்டு, "அவரோட ரத்த மாத்திரைய நிறுத்தவே கூடாதுக்கா. ரத்தத்தை நான் தையல் போட்டுப் பாத்துக்கிறேன்" என்று தையல்நாயகியிடம் சொல்லியிருந்தார். தினமும் தானாக எடுத்துப் போட்டுக்கொள்கிற மனிதரிடம் இதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்று இவள் விட்டுவிட்டாள்.

அன்று காலை அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் டாக்டர் கேட்டார்: "அட்டையப் பாத்தீங்களாக்கா?"

"எங்க வீட்டுக்காரரு டாக்டர், எனக்குத் தெரியாதா?"

"பரவால்ல, பாத்துடுங்க."

வெங்கடாசலம் தயங்கித் தயங்கிச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தையல்நாயகி எண்ணினாள். மறுபடி எண்ணினாள். வாங்கிய நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஐந்து மாத்திரை அதிகமாக இருந்தது.

"என்னங்க இது? அஞ்சு நாளா போடலியா?"

"நீதானே சொல்லுவ, அதப் போட்டுக்கினு வந்து உயிர எடுக்குறாங்கன்னு. உனக்கு எதுக்கு இன்னொரு பேஜாருன்னு நிறுத்திட்டேன்."

ஐந்து நாளில் எந்த நேரமும் அந்த ஸ்டென்ட் அடைத்துப் போயிருக்கலாம். டாக்டர் கவிதா கையுறையைக் கழற்றிவிட்டு உடனே இதய டாக்டருக்குப் போன் போட்டார். பல் அப்புறம், முதலில் விழுப்புரம் போய் அவரைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மயிலம் தாண்டுவதற்குள் அவள் நாலு தடவை கேட்டுவிட்டாள், நெஞ்சு வலிக்கிறதா என்று. ஊர்பேர் தெரியாத எத்தனையோ பேரிடம் தொண்டை வறளக் கேட்ட மாத்திரைக் கேள்வியை, கூடவே இருந்து சாப்பிடும் ஒருவரிடம் அவள் கேட்கவேயில்லை.

"கோவமா இருக்கியா?"

"ஆமா."

"எம்மேலதானே?"

பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகத் தையல்நாயகிக்குத் திட்டத் தன்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை. அவர் கையைப் பிடித்தவள், விழுப்புரம் வரும்வரை விடவேயில்லை.