ஒன்பதே முக்கால் மணிக்கு அவள் கூப்பிட்டாள்

அன்றைக்கு மழை லீவு. பள்ளிக்கூடம் இல்லை என்று காலையிலேயே போனில் செய்தி வந்துவிட்டது. தம்பி மகள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மறுபடியும் படுத்தாள். அப்போது ஏழாம் வகுப்பு, பன்னிரண்டு வயது. அவள் அம்மாவுக்குத் தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. மழை என்றாலும் எட்டரை பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். தம்பி குவைத்தில் இருக்கிறான். அதனால் வீட்டில் நானும் அவளும்தான்.

நான் தம்பியைவிடப் பதிமூன்று வயது மூத்தவள். எனக்கு இருபத்தாறு வயதாக இருக்கும்போது என் வீட்டுக்காரர் மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்துப் போய்விட்டார். பிள்ளை இல்லை. அன்றிலிருந்து பிறந்த வீட்டில்தான் இருக்கிறேன். தம்பிக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண் இவள். இவள் அம்மா மூன்றாம் மாதமே வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டதால் குழந்தை என் கைக்கு வந்தது. காலை நீட்டி உட்கார்ந்து அவளைக் காலில் குப்புறப் போட்டுத் தண்ணீர் ஊற்றியது நான்தான். பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை, யாரோடு பழம் என்பதெல்லாம் முதலில் எனக்குத்தான் தெரியும்.

அந்த வருஷம் அவள் உடம்பு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் என்று வளர்ந்தார்கள். கையும் காலும் நீண்டு, நடக்கும்போது நிலைப்படியில் இடித்துக்கொள்வாள். தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்தாள். கன்னத்தில் பரு வந்தால் அன்றைக்குப் பூராவும் யாருடனும் பேச மாட்டாள். எதைச் சொன்னாலும் ஏன் என்று ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை நகம் வெட்டாதே என்றேன். "வியாழக்கிழம வெட்ட ஆரம்பிச்சு பன்னெண்டு மணி தாண்டிட்டா பாதி நகத்த அப்படியே வுட்டுடணுமா அத்தை?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த மழை நாளில் நான் அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அவள் கொல்லையில் இருக்கும் குளியலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள்.

"அத்தை, கொஞ்சம் இங்க வாங்களேன்."

போனேன். கதவு நாலு விரல் அளவுக்குத் திறந்திருந்தது.

"எனக்கு வந்துடுச்சு அத்தை."

"என்ன வந்துடுச்சு?" என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"அதான். பயமெல்லாம் இல்ல, டீச்சர் எல்லாம் சொல்லியிருக்காங்க. அம்மா பீரோல கீழ்த்தட்டுல பேட் பாக்கெட் இருக்கும். அத எடுத்து நீட்டுங்க போதும், நான் பாத்துக்கிறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

நான் கதவைப் பிடித்து இழுத்து வெளியிலிருந்து சாத்தினேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வயசுக்கு வந்தால் இரண்டு கேள்வி கேட்பார்கள். என்ன நேரம், முதலில் பார்த்தது யார் என்று. பார்த்தவள் சுமங்கலியாக இருக்க வேண்டும், பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டும். அந்த நேரத்தை வைத்து ஜோசியர் ஜாதகம் எழுதித் தருவார். பின்னால் கல்யாணப் பேச்சு வரும்போது அந்தத் தாளையும் எடுத்துப் பார்ப்பார்கள். எனக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. முதலில் என் கண் படக்கூடாது, முதல் துணி என் கையால் போகக்கூடாது. அந்த நேரத்தில் என் மண்டையில் ஓடியது இது ஒன்றுதான்.

"அங்கயே இரு. வெளிய வராத. இதோ வந்துடுறேன்" என்றேன்.

"பாக்கெட் மட்டும் குடுத்துட்டுப் போங்க அத்தை."

நான் காதில் வாங்கவில்லை. உள்ளே வந்து அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன். கடையில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பதே முக்கால். பக்கத்து வீட்டுக்காரி மூன்று பிள்ளை பெற்றவள். சம்பாப் பயிரில் களை எடுக்கப் போயிருந்தாள். சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடந்தேன். கரை சேறாகக் கிடந்தது. இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தேன். பிள்ளை கூப்பிடும் சத்தம் கொல்லை தாண்டும் வரைக்கும் கேட்டது.

வயலில் எட்டுப் பேர் குனிந்திருந்தார்கள். வரப்பில் நின்று பக்கத்து வீட்டுக்காரியைக் கைகாட்டிக் கூப்பிட்டு, காதோடு சொன்னேன். அவளுக்கு மெதுவாகப் பேச வராது.

"நம்ம புள்ள உக்காந்துடுச்சாமடி" என்றாள் வயலைப் பார்த்து.

"அதான் அத்தக்காரி இந்த மழையில ஓடியாறாளா. அப்ப புட்டு எப்பக்கா?"

"தாய்மாமன் செயினு போடுவானா, இல்ல மோதரத்தோட முடிச்சுடுவானா?"

யாரிடமும் சொல்லாதே என்று பிள்ளை கேட்டது. எட்டுப் பேருக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி சேற்றிலிருந்து ஏறி, கை கால் கழுவி வருவதற்குள் நேரமாகிவிட்டது. வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று பத்து. பக்கத்து வீட்டுக்காரிதான் குளியலறைக் கதவைத் திறந்தாள். பிள்ளை கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தது. பாவாடையைத் தானே அலசிப் பிழிந்து அந்த ஈரத்தையே உடுத்தியிருந்தது. உதடு வெளுத்துப் பல் அடித்துக்கொண்டிருந்தது.

"என்னடி பெரிய மனுசி, இப்புடி நடுங்குற?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

தம்பி மகள் அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன் அத்தை" என்றாள்.

தகவல் கிடைத்து அவள் அம்மா இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"எத்தன மணிக்கு அண்ணி? மொதல்ல யாரு பாத்தா?"

"பதினொன்னு பத்து" என்றேன். "இவதான் பாத்தா" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் காட்டினேன். அவளும் தலையாட்டினாள். மூலையில் பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. ஏதோ சொல்லப் போகிறது என்று நினைத்தேன். மறுபடியும் குனிந்துகொண்டது. ஜோசியர் தாளில் பதினொன்று பத்து என்றே ஏறியது.

அவளைத் தனி அறையில் வைத்திருந்தோம். நாலாம் நாள் உளுந்தங்களி எடுத்துக்கொண்டு போனேன். தட்டை வாங்கி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க பாத்தா என்ன ஆவும் அத்தை?"

"ஆகாதும்மா."

"யாருக்கு ஆகாது? எனக்கா, உங்களுக்கா?"

நான் கிளம்பப் பார்த்தேன். அவள் விடவில்லை. "சின்னப் புள்ளையில தெனம் நீங்கதான குளிப்பாட்டுனீங்க. அப்ப மட்டும் ஆவுமா?"

அதுவரைக்கும் யாரிடமும் பேசாததை அன்று அவளிடம் சொன்னேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்று நடவுக்குப் போய்க்கொண்டிருந்த நாளில், வயலில்தான் எனக்கும் ஆனது. எனக்கு என்னவென்றே தெரியாது. அட்டை கடித்துவிட்டது என்று காலைத் தடவிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த அம்மாள் பார்த்தாள். புருஷன் இல்லாதவள். கட்டியிருந்த சேலையில் பாதியைக் கிழித்து என் இடுப்பைச் சுற்றிக் கட்டி, வீடு வரை கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பன்னிரண்டு வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் இறந்தபோது, அந்தப் பாவி கண் பட்டதால்தான் இப்படி ஆனது என்று என் அம்மா தெருவில் நின்று மண்ணைத் தூற்றினாள். அந்த அம்மாள் தன் வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் நல்லதுதான் செய்தாள் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. கொஞ்ச நாளில் நானும் அதை நம்பிவிட்டேன்.

பிள்ளை களியை விரலால் கிண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் சொன்னது:

"அவங்களாவது துணி குடுத்தாங்கல்ல அத்தை."

பதினோராம் நாள் தண்ணீர் ஊற்றினார்கள். வாசலில் சின்னப் பந்தல், சொந்தக்காரர்கள் மட்டும். அவள் கேட்டுக்கொண்டதால் பிளக்ஸ் வைக்கவில்லை. மனையில் உட்கார வைத்து, மஞ்சள் தண்ணீர்ச் செம்பை எடுத்தபோது அவள் நிமிர்ந்து சொன்னாள்.

"மொதல்ல அத்தை ஊத்தட்டும்."

"எந்த அத்தடி? ரெண்டு பேரு நிக்கிறாங்கல்ல ஒன்னுவிட்ட அத்த" என்றார்கள்.

"எங்க வீட்ல இருக்கிற அத்தை."

யாராவது வேண்டாம் என்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. அவள் அம்மா செம்பை என் பக்கம் நீட்டினாள். "வாங்க அண்ணி. யாரு என்ன சொல்லப் போறா" என்றாள். குவைத்திலிருந்து போன் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த தம்பியும் "போக்கா, போயி ஊத்து" என்றான். பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். நாலு பேர் பார்த்தாலே எனக்கு வேர்க்கும்.

"அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அடுப்பில் ஒன்றும் இல்லை. அடுப்படிச் சுவரோடு ஒட்டி நின்று, தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டேன். "அத்தைக்கே தெரியிது பாரு, ஒனக்குத் தெரியல" என்று யாரோ அவளிடம் சொல்லிச் சிரித்தார்கள். என்னை யாரும் தள்ளி வைக்கவில்லை. நானேதான் போய் நின்றேன்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போது ஒன்பதாம் வகுப்பு. என்னைவிட ஒரு தலை உயரம். தோளைக் குறுக்குவதில்லை, நேராக நடக்கிறாள். அவளுக்கு வேண்டியதை அவளே கடையில் வாங்கி அவள் அலமாரியில் வைத்துக்கொள்கிறாள். வயிறு வலித்தால் அம்மாவுக்குப் போன் போடுவாள், பக்கத்தில் நிற்கும் என்னிடம் சொல்ல மாட்டாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஏன் என்றுதான் கேட்பதில்லை. எதைச் சொன்னாலும் "சரி அத்தை" என்கிறாள்.

போன மாதம் அவள் அம்மா சாதிச் சான்றிதழ் தேடிப் பீரோவைக் குடைந்தபோது அந்த ஜாதகத் தாள் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கும்போது நேரம் கண்ணில் பட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கும் அது படிக்க முடிந்தது.

"இது பொய்யிம்மா" என்றேன். "ஒம்போதே முக்காலுக்கு என்னைத்தான் கூப்பிட்டுது. நான் கதவச் சாத்திட்டுப் போயிட்டேன்."

அவள் தாளை மடித்து உள்ளே வைத்தாள். "தெரியும் அண்ணி. அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டா. அத்தைகிட்ட கேக்காதம்மா, அவங்களுக்கு அசிங்கமாயிடும்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

குளிர் விட்டுப் போகாத உடம்போடு, பன்னிரண்டு வயதில், அவள் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். நான் இரண்டு வருஷமாக அவள் எதிரிலேயே ஒன்றும் நடக்காததுபோலச் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று சாயந்திரம் அவள் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு நான் செஞ்சது தப்புடாம்மா" என்றேன். "கதவச் சாத்துன அன்னிக்கும், தண்ணி ஊத்தாம போன அன்னிக்கும்தான். ஒனக்கு ஒன்னு ஆயிடும்னு பயந்ததா நெனச்சுக்கிட்டு இருந்தேன். பின்னால என்னைக் குத்தம் சொல்லிடுவாங்கன்னுதான் பயந்திருக்கேன்."

அவள் பேனாவை மூடினாள். "இதச் சொல்ல ரெண்டு வருசமா அத்தை?"

"ஆமாம்."

"சரி" என்றாள். என் கையைப் பார்த்தாள். "நாளைக்கு எனக்குக் கணக்குப் பரீட்ச."

நான் எழுந்து வந்துவிட்டேன். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை.