திறந்து விட்ட வளை

"ஒரு ஓட்டகூட இருக்கக் கூடாது" என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தான். வல்லம் வடகாலில் நான் கூட்டிப் பெருக்கும் கம்பெனியில், மதிலோர எலி வளைகளுக்குள் மருந்துப் புகை விடுகிறார்கள். புகை தொண்டையில் ஏறியதும் அம்மாவின் சட்டி கண்ணில் வந்து நின்றது.

என் சின்ன வயதில் இதெல்லாம் நெல் வயல். நாங்கள் இருளர், எலி பிடிக்க எங்களைத்தான் கூப்பிடுவார்கள். அம்மா, அடியில் ஓட்டை போட்ட சட்டியில் வைக்கோலைக் கொளுத்தி வளைக்குள் புகை ஊதுவாள். மற்ற வாய்களை மண்ணால் அடைத்து, ஒன்றை மட்டும் திறந்தே விடுவாள்.

ஒருநாள் நிலத்துக்காரர் பார்த்துவிட்டார். "இன்னாடி, அத்த ஏன் வுட்டுட்ட?" என்று சட்டியை எட்டி உதைத்து உடைத்தார்.

அம்மா அசையவில்லை. "புடிக்கிறது என் பாடு, தப்பிக்கிறது அது பாடு. எல்லாத்தையும் அடச்சிட்டா, எங்க சாமி கன்னியம்மா கேட்டா நீயா வந்து பதில் சொல்லுவ?"

பிறகு அவர் நிலத்தை விற்றார். கம்பெனி மதில் எழுந்தது. எங்கள் குடிசைகளிலிருந்து ஏரிக்குப் போக ஒரு சந்துகூட விடவில்லை.

"யக்கா, மூலையில ஒரு ஓட்ட கீது, பூசிடு" என்று சூப்பர்வைசர் சிமெண்ட் கரண்டியை நீட்டினான்.

வாங்கி அவன் காலடியில் எறிந்தேன்.

"நீயே பூசு. கன்னியம்மாவுக்கு நீயே பதில் சொல்லு."