முப்பத்தேழரை மில்லிமீட்டர்

எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் அப்பாவின் வெர்னியர் அளந்து பார்த்த பிறகுதான் அது வீட்டுப் பொருள் ஆகும். வெர்னியரைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு தாடை வைத்த எஃகு அளவுகோல் அது, தலைமுடியின் பருமனைக்கூடச் சொல்லிவிடும். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் ஃபிட்டராக இருந்த அப்பா, அதைச் சிவப்பு வெல்வெட் ஒட்டிய பெட்டியில், அம்மாவின் தோட்டைவிடப் பத்திரமாக வைத்திருந்தார். குக்கருக்கு கேஸ்கெட் வாங்கப் போனால் வெர்னியரும் கூடப் போகும். குழாய் வாஷர், அக்காவின் வளையல், என் பள்ளிக்கூட ஷூ எல்லாமே அந்தத் தாடைக்குள் போய் வந்தவைதான். கடைக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள். ஆனால் அப்பா எடுத்துக்கொண்டு வந்தது கச்சிதமாக உட்காரும். ஒருநாளும் தப்பியதில்லை.

அவருக்கு அதில் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. கல்லாவியிலிருந்து எட்டாவது படிப்போடு ஓசூருக்கு வந்தவர் அவர். டிப்ளமோ முடித்துவிட்டு வரும் பையன்கள் ஆறே மாதத்தில் அவருக்கு மேலே போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் ஒரு சந்தேகம் என்றால் "அண்ணா, இது பாஸா?" என்று அவரிடம்தான் வந்து நிற்பார்கள். அந்த ஒரு "அண்ணா"வில்தான் அவர் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அக்கா மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்ந்த புதிதில், அப்பாவோடு வேலை செய்யும் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தபோது அப்பா எதையோ அளந்து காட்ட, "அப்பா, தப்பாப் படிச்சிட்டீங்க, இன்னும் ஒரு கோடு தள்ளி இருக்குது பாருங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது சரி. அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாலு நாள் பெட்டியைத் திறக்கவே இல்லை. குழம்பில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு எந்த அளவைப் பற்றியும் அக்கா அவரிடம் வாய் திறந்ததில்லை.

டிப்ளமோ முடிந்தது. இயந்திர பாகங்களுக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் அலுவலகம் ஒன்று சிப்காட்டில் ஆள் எடுத்தது. மூன்று வாரத்தில் பரீட்சை, கம்ப்யூட்டரிலேயே வரைந்து காட்ட வேண்டும். அக்கா காகிதத்தில் வரைந்தால் கோடு பேசும், ஆனால் கம்ப்யூட்டரில் கல்லூரியில் தொட்டதோடு சரி. இந்த வேலை கிடைக்காவிட்டால் செல்போன் பூட்டும் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். அதற்கான விண்ணப்பத்தை அம்மா ஏற்கெனவே பூர்த்தி செய்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். ஹாஸ்டல், சாப்பாடு, வேன் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அக்காவுக்கு அதை நினைத்தாலே குலை நடுங்கும்.

புதுக் கம்ப்யூட்டருக்கு வழியில்லை. பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிக்கொள்கிறேன் என்றாள். செல்போனில் படித்துப் படித்து ஒரு நோட்டு நிறைய எழுதினாள். கம்ப்யூட்டரின் மூளையான புராசசருக்கு ஏற்ற போர்டு, போர்டுக்கு ஏற்ற மெமரி, எல்லாவற்றையும் தாங்குகிற பவர் சப்ளை, இத்தனையும் அடங்குகிற கேபினெட். ஒன்றை மாற்றினால் நான்கை அழித்து எழுத வேண்டியிருக்கும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டி, கல்யாணத்துக்குக்கூட இத்தன பொருத்தம் பாக்க மாட்டாங்களேடி" என்றாள். அக்கா சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த நாட்களில்தான்.

இழுத்து மூடிய ஓர் அலுவலகத்திலிருந்து அப்பா தெரிந்தவர் மூலம் புராசசர், மெமரி, பழைய திரை எல்லாம் கொண்டுவந்தார். போர்டு ஒன்றுதான் பாக்கி. அதற்குப் பெங்களூர் போக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தோழி ஒருத்தியிடம் கொடுத்து வைத்திருந்த சான்றிதழை வாங்கக் கிருஷ்ணகிரிக்குப் போகிறேன், அப்பாவோடு இவள் போகட்டும் என்றாள். கிளம்பும்முன் என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டு, நான்காக மடித்த ஒரு துண்டுக் காகிதத்தை என் பாவாடைப் பையில் வைத்தாள்.

"போர்டு மேல நம்பர் எழுதியிருக்கும். மூணுல ஆரம்பிச்சாதான் வாங்கணும். ஒண்ணுல ஆரம்பிச்சா வேணாம். பாக்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், உக்காரவும் உக்காரும். ஆனா வேல செய்யாது. அப்பா வாங்கப் போனா சொல்லிடு, என்னா?"

"சரிக்கா" என்றேன். ஏழாம் வகுப்புக்காரிக்கு இதைவிடப் பெரிய பதவி என்ன வேண்டும்? பஸ் அத்திப்பள்ளி தாண்டும்வரை பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற சந்து அது. கடைக்குக் கடை ஒயரும் பெட்டியும் கூரைவரை அடுக்கியிருந்தன. அப்பா அழகாகக் கன்னடம் பேசுவார். அக்காவின் நோட்டில் இருந்த போர்டின் பெயரைச் சொன்னார். "அது காலி ஆய்த்து சார்" என்ற கடைக்காரர், இன்னொரு போர்டை எடுத்து வைத்து, இதுவும் அதே சாக்கெட்தான், உங்கள் புராசசர் இதிலே உட்காரும் என்றார். சாக்கெட் என்பது புராசசர் போய் உட்காரும் சதுரக் குழி. பிரித்த சாமான், திருப்பி எடுக்க மாட்டோம் என்றும் சொன்னார்.

அப்பா வெல்வெட் பெட்டியைத் திறந்தார். கடையில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். கையோடு கொண்டுவந்த புராசசரை அளந்தார், குழியை அளந்தார், ஓரத்து வெட்டுகள் இரண்டையும் அளந்தார். "முப்பத்தேழரை. இங்கயும் முப்பத்தேழரை. வெட்டும் அதே எடத்துல." பிறகு புராசசரை வைத்தார். சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. கடைக்காரர் எழுந்துவிட்டார். இருபது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், இப்படி அளந்து வாங்கும் ஆளைப் பார்த்ததில்லை, நீங்கள் இன்ஜினியரா சார் என்று கேட்டார்.

அப்பா இல்லை என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தார்.

போர்டு என் முன்னால்தான் இருந்தது. எண் ஒன்றில் தொடங்கியது, நன்றாகவே தெரிந்தது. என் கை பாவாடைப் பைக்குள் இருந்தது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கடைக்காரர் அப்பாவுக்கு டீ சொல்லியிருந்தார், அப்பா நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அப்பா ஒருநாளும் தப்பியதில்லையே, அக்கா எதையோ சரியாகப் படிக்காமல் சொல்லியிருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காகிதத்தைப் பஸ் ஸ்டாண்டில் கசக்கிப் போட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலமே அக்கா எல்லாவற்றையும் பூட்டினாள். சுவிட்சைப் போட்டதும் விசிறி சுற்றியது. அம்மா கைதட்டினாள். திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. மறுபடி கழற்றி மாட்டினாள். விசிறி சுற்றியது, திரை கறுப்பு. அக்கா குனிந்து போர்டின் எண்ணைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"என்னா கண்ணு? அளவு சரியாத்தான இருந்துச்சி?" என்றார் அப்பா. அவர் குரல் இறங்கியிருந்தது.

அக்கா சுவிட்சை அணைத்தாள். பிறகு, "அளவு கரெக்ட்டுதாம்பா. புராசசர் செத்துப் போயிருக்கும். பழைய சாமான்ல இப்பிடி ஆவறதுதான்" என்றாள்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. எண்ணைப் பார்த்தும் அக்காவுக்குப் புரியவில்லை, தப்பித்தோம் என்று நினைத்து, அன்றைக்கு இரண்டு தோசை அதிகமாகவே சாப்பிட்டேன். சனியன் பிடித்த வயிறு.

பரீட்சையில் கொடுத்த படத்தை அக்காவால் பாதிகூட முடிக்க முடியவில்லை. அடுத்த மாதம் செல்போன் கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்தது. உள்ளே ஏறியவள், நான் கையாட்டியதற்குப் பதிலாகக் கையாட்டினாள், அவ்வளவுதான். மூன்று வருடம் அங்கே நின்றுகொண்டே சின்னச் சின்னப் போர்டுகளைப் போனுக்குள் வைத்தாள். பிறகு சாமல்பட்டியில் கட்டிக் கொடுத்தோம். அவள் வரைந்து நான் அப்புறம் பார்த்ததில்லை, வாசலில் கோலம் தவிர.

நான் இப்போது கல்லூரியில் கம்ப்யூட்டர்தான் படிக்கிறேன். அந்தப் புராசசர் சாகவில்லை என்பது எனக்குத் தெரியும். போர்டு மட்டும் வேறு வாங்கி மாட்டியிருந்தால் போதும். அதற்கு, "அப்பா, நீங்க வாங்கினது தப்பு" என்று ஒருவர் சொல்லியிருக்க வேண்டும்.

போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பா வெல்வெட் பெட்டியைத் திறந்தார். வெர்னியருக்குப் பக்கத்தில் பழைய துணியில் சுற்றி அந்தப் புராசசர் இருந்தது. அளந்து என்னிடம் காட்டினார். "பாரு கண்ணு, முப்பத்தேழரை. அளவுல ஒரு கொறையும் இல்ல. பொருளுதான் மோசம். உங்கக்கா தலையெழுத்து." நான் படிக்கிற படிப்பு அவருக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் காட்டினார், "ஆமா" என்று நான் சொல்ல வேண்டும் என்பதற்காக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிருஷ்ணகிரிச் சான்றிதழை அக்கா இன்னொரு நாள் வாங்கியிருக்கலாம். அந்தக் காகிதத்தை அப்பா கையிலேயே கொடுத்திருக்கலாம். தன்னால் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்வதற்குத்தான் வீட்டிலேயே சின்னவளை அனுப்பியிருந்தாள்; சின்னப்பிள்ளை சொன்னால் அப்பாவுக்கு வலிக்காது என்று நம்பியிருப்பாள்.

"ஆமாப்பா, அளவு சரிதான்" என்றேன். அப்பா பெட்டியை மூடினார்.